யார் பறித்தார் பிள்ளைப் பருவத்தை?

குழந்தைத் தொழிலாளர் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் சிவகாசியின் பெயர் எழுகிறது. அப்பெயரோடு, அவ்வட்டாரத் தாய்மார் மீது ஒரு பழியும் சேர்ந்தே எழுகிறது. "பெற்ற பிள்ளையை ஆலைக்கு அனுப்பி, அதன் கூலியில் உலை வைத்தவர்கள்" என்று ஒரு சாரார் தூற்றுகின்றனர். "பெற்றோரோடு சேர்ந்து பிள்ளைகள் தொழில் பழகுவது நம் நாட்டு மரபுதானே, அதில் குற்றம் காண்பானேன்?" என்று மற்றொரு சாரார் வாதிடுகின்றனர். முதற்கூற்று தாயைக் கூண்டில் ஏற்றுகிறது. இரண்டாம் கூற்று மரபைச் சாட்சிக்கு அழைக்கிறது. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றலாம். ஆயினும் இரண்டும் விளைவிக்கும் பயன் ஒன்றே. பிள்ளைப் பருவத்தை விலைக்கு வாங்கியவர் யார் என்ற வினா கேட்கப்படாமலே போய்விடுகிறது.

இவ்விரு கூற்றுகளையும் நாம் மறுக்கிறோம். நம் பிள்ளை வளர்ப்பு மரபில் தாய்மை என்பது பலர் கூடிச் சுமந்த பொறுப்பு. அந்தக் கூட்டுப் பொறுப்பைத் தொழில் கலைத்தது; சட்டமும் அதற்கு நெடுங்காலம் வாயில் திறந்து வைத்தது. கலைந்தபின் தனித்து நின்ற தாயின் தலையில் முழுச் சுமையையும் ஏற்றிவிட்டு, மேடையில் அவளைத் தியாகத்தின் வடிவம் என்று போற்றுவதும், திண்ணையில் அவளைக் கல்நெஞ்சக்காரி என்று ஏசுவதும் அறமாகா. இதுவே நம் வாதம்.

மரபு கூறுவது யாது?

மரபைச் சாட்சிக்கு அழைப்போர் அதன் வாக்குமூலத்தை முழுமையாகக் கேட்கட்டும். அச்சாட்சியைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. சிவகாசிக்கு அண்மையில், இதே விருதுநகர் மாவட்டத்தில் இருப்பது திருவில்லிபுத்தூர். அங்கு வாழ்ந்த பெரியாழ்வார், ஓர் ஆண்மகனாயிருந்தும், தாயின் நிலையில் நின்று கண்ணனைக் குழந்தையாகப் பாடினார். பின்னாளில் பிள்ளைத்தமிழ் என்று தனி இலக்கிய வகையாக வளர்ந்த மரபுக்கு அவர் பாடல்கள் முன்னோடி என்பதைத் தமிழறிஞர் ஏற்பர். அப்பிள்ளைத்தமிழ், குழந்தைப் பருவத்தைப் பத்தாக வகுத்துப் போற்றுகிறது: காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி என ஏழு பருவங்கள் இருபாலார்க்கும் பொது. ஆண் பிள்ளைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண் பிள்ளைக்குக் கழங்கு, அம்மானை, ஊசல் என்பன எஞ்சிய மூன்று. தவழ்தலும் தளர்நடையும் நிலாவை அழைத்தலும் மணல்வீடு கட்டலும் அதில் இடம் பெறுகின்றன. கூலிப் பருவம் என்று ஒரு பருவத்தை அம்மரபு அறியாது.

"அது தெய்வத்துக்கும் அரசனுக்கும் பாடியது, கரிசல் காட்டுக் கூலிக்காரிக்கு அம்மானை ஏது, ஊசல் ஏது?" என்று கேட்கலாம். கேட்பது நியாயமே. அவளுக்கும் ஓர் இலக்கியம் உண்டு, அது தாலாட்டு. அழுகின்ற குழந்தையை நோகச் செய்தவர் யார் என்று உறவினரை ஒவ்வொருவராக வரிசையில் நிறுத்தி வினவுவதும், மாமன் என்ன சீர் கொண்டுவருவான், அத்தை என்ன அணிவிப்பாள் என்று எண்ணிச் சொல்வதும் நம் தாலாட்டின் இயல்பு. ஆழ்ந்து நோக்கினால், அக்குழந்தைக்குப் பொறுப்பானவர் யார் யார் என்று ஊரறியப் படிக்கப்படும் பெயர்ப்பட்டியலே தாலாட்டு. தாய் ஒருத்தி மட்டுமே வளர்க்கும் பிள்ளையைத் தமிழ்த் தாலாட்டு காணவில்லை.

நடைமுறையும் அவ்வாறே இருந்தது. பருத்திக் காட்டுக்குக் களை வெட்டச் சென்ற பெண், வேம்பின் கிளையிலோ வேலமரத்தின் கிளையிலோ சேலையைத் தூளியாகக் கட்டினாள். வயது முதிர்ந்த ஒருத்தி அதை ஆட்டிக்கொண்டிருந்தாள். பால் குடிக்கும் வேளையில் தாய் வரப்புக்கு வந்தாள். சற்று வளர்ந்த பிள்ளைகள் ஆடு மேய்த்தனர், பருத்தி எடுத்தனர், சுள்ளி பொறுக்கினர். அவர்கள் உழைத்தனர் என்பதை நாம் மறைக்கவில்லை. தம்பி தங்கையரை இடுப்பில் சுமந்தே வளர்ந்த மூத்த பெண்பிள்ளைகள், அதன் பொருட்டே எழுத்தறியாமல் போயினர் என்பதையும் மறைக்கவில்லை. மரபு முழுவதும் தேன் என்று கூறுவது நம் நோக்கமன்று.

ஆயினும் அவ்வுழைப்புக்கு மூன்று வரம்புகள் இருந்தன. அது பெற்றவரின் அல்லது உற்றவரின் கண்ணெதிரே நடந்தது. மழைக்கும் வெயிலுக்கும் பசிக்கும் திருவிழாவுக்கும் இடைவெளி விட்டது. பிள்ளையின் விரல் நாளொன்றுக்கு எத்தனை முறை அசைகிறது என்று எண்ணிக் கணக்கெழுத அங்கு எவரும் இல்லை. இம்மூன்று வரம்புகளையும் மனத்தில் இருத்திக்கொண்டு ஆலையின் வாயிலுக்கு வருவோம்.

ஆலை வண்டி வந்தபோது

சிவகாசியின் தொழில் வரலாறு உழைப்பின் வரலாறு என்பதில் நமக்கு ஐயமில்லை. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். வானம் பார்த்த பூமியில், மழை பொய்த்தால் கஞ்சியும் பொய்க்கும் மண்ணில், அவர்கள் மூட்டிய சிறு தீ பல்லாயிரம் அடுப்புகளை எரிய வைத்தது. தீப்பெட்டியைத் தொடர்ந்து அச்சுத் தொழிலும் பட்டாசுத் தொழிலும் வளர்ந்தன. இன்று இந்நாட்டின் பட்டாசில் ஏறத்தாழ 90 விழுக்காடு இவ்வட்டாரத்தில் உருவாகிறது. 'குட்டி ஜப்பான்' என்ற பட்டப் பெயரை இவ்வூர் உழைத்தே பெற்றது.

ஆனால் அந்த உழைப்பில் எவருடைய விரல்கள் இருந்தன? இயந்திரத் தீப்பெட்டியோடு போட்டியிட முடியாத கைத்தொழில் என்பதால், அரசு அதற்கு உற்பத்தி வரியில் சலுகை அளித்தது. குடிசைத் தொழில் என்ற அந்தப் பெயரின் நிழலில், சட்டத்தில் குச்சி அடுக்குவதும் பெட்டி ஒட்டுவதும் சீட்டு ஒட்டுவதும் பிள்ளைகளின் வேலையாயின. 1976-இல் தீப்பெட்டி ஆலைக்குப் பிள்ளைகளை ஏற்றிச் சென்ற பேருந்து விபத்துக்குள்ளாகிப் பலர் மாண்டபோதுதான் நாடு திரும்பிப் பார்த்தது. 1983-இல் ஆய்வாளர் ஸ்மிது கோத்தாரி, இவ்வட்டாரத்து ஆலைகளில் ஏறத்தாழ 45,000 குழந்தைகள் உழைப்பதாக எழுதினார். அவர்களுள் பெரும்பாலோர் பெண்பிள்ளைகள். 1990-இல் சலம் பென்னூர்கர் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற ஆவணப்படமும், கரிசல் எழுத்தாளர் பூமணி இயக்கிய 'கருவேலம்பூக்கள்' என்ற திரைப்படமும் அப்பிள்ளைகளின் முகத்தை நமக்குக் காட்டின.

விடியுமுன் ஊருக்குள் ஆலை வண்டி வரும். உறங்கும் பிள்ளையை எழுப்பி ஏற்றிவிட வேண்டும். பொழுது சாய்ந்தபின் அதே வண்டி கொண்டுவந்து விடும். இங்கே மரபின் மூன்று வரம்புகளுள் எது எஞ்சியிருந்தது? பிள்ளை தாயின் கண்ணெதிரே இல்லை. பசிக்கும் மழைக்கும் இடைவெளி இல்லை. அடுக்கிய சட்டத்தின் எண்ணிக்கையே கூலி என்பதால், விரல் அசைவு ஒவ்வொன்றும் கணக்கில் ஏறியது. இதனை மரபு என்று அழைப்பது, மரபின் மீது சுமத்தப்படும் பொய்ச்சாட்சியன்றி வேறென்ன?

"அப்படியானால் தாய் ஏன் அனுப்பினாள்?" என்பர் பழிப்போர். விடை கூலியின் கணக்கில் உள்ளது. எண்ணிக்கைக் கூலி மிகக் குறைவாக வைக்கப்பட்டபோது, வயது வந்தவர் ஒருவர் நாள் முழுதும் உழைத்தாலும் வீட்டின் பசி அடங்கவில்லை. ஆகவே பிள்ளையின் கையும் தேவைப்பட்டது. பிள்ளையின் கை மலிவாகக் கிடைத்ததால், பெரியவரின் கூலியை உயர்த்த வேண்டிய தேவை முதலாளிக்கு எழவில்லை. பெரியவரின் கூலி உயராததால் அடுத்த பிள்ளையும் வண்டியேறியது. இச்சக்கரத்தின் நடுவே முன்பணம் என்ற அச்சாணி இருந்தது. மகப்பேற்றுக்கோ மருத்துவத்துக்கோ கல்யாணத்துக்கோ வாங்கிய சிறு தொகை, எந்தப் பிள்ளை எந்த ஆலைக்குப் போகும் என்பதைத் தீர்மானித்தது. சக்கரத்தைச் சுழற்றியவரை விட்டுவிட்டு, அதில் சிக்கியவளின் கையைப் பிடித்து இதுவே குற்றம் செய்த கை என்று காட்டுகிறார்கள்.

சட்டம் திறந்து வைத்த வாயில்

1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம், தீப்பெட்டி, வெடிமருந்து, பட்டாசுத் தயாரிப்பில் 14 வயது நிறையாதவரை ஈடுபடுத்தலாகாது என்றது. நற்செய்தியே. ஆனால் அதே பிரிவில், உரிமையாளர் தம் குடும்பத்தாரின் துணையோடு தொழில் நடத்தும் இடத்துக்கு இத்தடை பொருந்தாது என்ற விலக்கும் எழுதப்பட்டது. குடும்பம் என்ற சொல்லைச் சட்டம் மதித்ததாக அன்று கூறினர். உண்மையில் அச்சொல் ஒரு கேடயமாயிற்று. வேலை ஆலையிலிருந்து வீட்டுத் திண்ணைக்கு மாறியது. பெட்டி ஒட்டும் பசையும் காகிதமும் மூட்டையாக வீடு தேடி வந்தன. தாய் மேற்பார்வையாளர் ஆனாள். பிள்ளை அவளுக்குக் கீழ்த் தொழிலாளி ஆனது. ஆலை செய்ய வேண்டிய அதட்டலைத் தாயின் வாயால் செய்வித்த கொடுமை அது.

1990-இல் சிவகாசித் தீப்பெட்டி ஆலைகள் பற்றி உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, நேரடித் தயாரிப்பில் பிள்ளைகளை ஈடுபடுத்தலாகாது என்றது. ஆயினும் கட்டுமான வேலைக்கு, அதாவது பெட்டிகளைப் பிரித்து அடுக்கிக் கட்டும் வேலைக்கு, இளங்கைகள் ஏற்றவை என்று கருதி, பெரியவர் கூலியில் குறைந்தது 60 விழுக்காடு பிள்ளைக்குத் தரப்பட வேண்டும் என்றும் கூறியது. கூலியை உயர்த்தும் நோக்கம் நல்லதே. எனினும் குழந்தையின் கைக்கும் ஒரு விழுக்காடு உண்டு என்று ஒப்புக்கொண்டதை நம்மால் ஏற்க இயலவில்லை.

1996 டிசம்பரில், எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் வந்த தீர்ப்பு மேலும் ஆழமாகப் பார்த்தது. இடர்மிகு தொழிலில் ஈடுபடுத்திய ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதிக்குச் செலுத்த வேண்டும். அப்பிள்ளைக்கு ஈடாகக் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு அரசு வேலைக்கு வழி செய்ய வேண்டும். இயலாவிடில் அரசு 5,000 ரூபாயை அந்நிதியில் சேர்க்க வேண்டும் என்பது அதன் சாரம். பிள்ளையை மீட்பதும் பெரியவருக்குப் பிழைப்பளிப்பதும் ஒரே அறத்தின் இரு கைகள் என்று அத்தீர்ப்பு கண்டது. ஆனால் வேலைக்குப் பதிலாகப் பணம் கட்டிவிடலாம் என்ற மாற்று வழியும் அதிலேயே இருந்தது. வேலை கேட்டு நின்ற தாய்க்கு அந்த ஐயாயிரத்தின் வட்டியா விடை?

2016-இல் செய்யப்பட்ட திருத்தம், 14 வயதுக்குட்பட்டோரை எத்தொழிலிலும் ஈடுபடுத்தலாகாது என்றும், 18 வயதுவரை வெடிபொருள் போன்ற இடர்மிகு தொழில்களில் சேர்க்கலாகாது என்றும் விதித்தது. குடும்பத் தொழிலுக்கான விலக்கு பள்ளி நேரத்துக்குப் பின்னும் விடுமுறையிலும் என்று சுருங்கியது. இடர்மிகு தொழிலுக்கு அது இல்லை. ஆயினும் இன்றும் சில சிற்றூர்களில் வீட்டுக்குள்ளேயே கருந்திரி உருட்டப்படுகிறது. பிடிபடும்போது வழக்கு யார் மீது? திரியை உருட்டிய குடும்பத்தின் மீது. திரியை வாங்கிச் செல்லும் கை வழக்கேட்டில் எளிதில் இடம் பெறுவதில்லை.

பிள்ளை வெளியே, தாய் உள்ளே

பிள்ளைகள் ஆலைகளை விட்டுப் பெருமளவு வெளியேறிவிட்டனர் என்பது நாம் நன்றியோடு ஏற்கும் உண்மை. 1988-இல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகள், தொண்டு நிறுவனங்கள், ஆசிரியர்கள், ஆய்வாளர்கள் எனப் பலரது உழைப்பு இதில் உண்டு. அவர்களினும் பெரிய பங்கு தாய்மாருடையது. மேல்நிலைத் தேர்வில் மாநிலத்தின் முதலிடத்தைப் பலமுறை பெற்ற மாவட்டம் விருதுநகர். 2023-இலும் அப்பெருமை அதற்கே. அத்தேர்ச்சிப் பட்டியலில் உள்ள பிள்ளைகளில் எத்தனையோ பேருடைய கட்டணமும் சீருடையும் பேருந்துச் செலவும், சரம் பின்னியும் குழாய் சுருட்டியும் ஈட்டிய கூலியில் வந்தவை. பிள்ளையை விற்றவள் என்று பழிக்கப்பட்ட அதே பெண், தன் உடலை ஈடு வைத்துப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினாள். பழித்தவர் எவரும் அதன்பின் அவளிடம் பேசியதில்லை.

அந்த ஈடு எத்தகையது? 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2023 அக்டோபரில் ரெங்கபாளையத்தில் பத்துக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். ஒவ்வொரு முறையும் அதே காரணங்கள் பேசப்படுகின்றன: உள்குத்தகைக்கு விடப்பட்ட அறைகள், அளவுக்கு மேல் கலந்த மருந்து, அறைக்குள் அளவுக்கு மேல் ஆட்கள், தீபாவளிக்கு முந்திய அவசரம். மணிமருந்தும் பேன்சி ரக வெடிகளும் உராய்வுக்கே தீப்பற்றும் தன்மையன. எண்ணிக்கைக் கூலிக்கு உழைக்கும் கை விரைந்து அசைந்தே தீரும். விரைவுக்குக் கூலி, நிதானத்துக்குப் பட்டினி என்று ஏற்பாடு செய்துவிட்டு, விபத்துக்குப் பின் "தொழிலாளரின் கவனக் குறைவு" என்று அறிக்கை எழுதுவது நியாயமா?

தீ விபத்தில் உயிரிழக்கும் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு உயர்கல்விவரை அரசே செலவை ஏற்கும் என்று 2024 நவம்பரில் விருதுநகரில் முதலமைச்சர் அறிவித்தார். வரவேற்கத் தக்க அறிவிப்பு. ஆனால் நெஞ்சு ஒரு வினாவை எழுப்பாமல் இருக்குமா? தாய் இறந்தபின் அவள் பிள்ளையின் கல்விக்குப் பொறுப்பேற்கும் சமுதாயம், அவள் உயிரோடிருக்கையில் அவளது கூலிக்கும் பாதுகாப்புக்கும் அதே பொறுப்பை ஏற்றிருந்தால், அவள் பிள்ளைக்குக் கல்வியோடு தாயும் கிடைத்திருப்பாளே!

கைக்குழந்தைகளின் நிலையையும் எண்ணுவோம். 30 பெண்களுக்கு மேல் பணிபுரியும் ஆலையில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 1976-ஆம் ஆண்டுத் திருத்தம் விதித்தது. வேலையைத் துண்டு துண்டாக உள்குத்தகைக்கு விட்டால், ஏட்டில் முப்பது பெயர்கள் எப்படிச் சேரும்? அங்கன்வாடி இருக்கிறதே என்பர். ஆலை வண்டி புறப்படும் வேளையில் அங்கன்வாடி திறப்பதில்லை. 2002-இல் அரசியலமைப்பில் செய்த திருத்தம், 6 முதல் 14 வயதுவரையுள்ள பிள்ளைக்குக் கல்வி வாய்ப்பளிப்பது பெற்றோரின் கடமை என்று எழுதியது. அதே திருத்தம், 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் பேணலுக்கு அரசு முயல வேண்டும் என்று மட்டும் எழுதியது. தாய்க்குக் கடமை, அரசுக்கு முயற்சி. இச்சொற்களின் வேறுபாட்டிலேயே நம் வாதம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

தில்லிக் குழந்தையும் சிவகாசிக் குழந்தையும்

2015-இல் தில்லியைச் சேர்ந்த மூன்று கைக்குழந்தைகளின் பெயரால், அவர்களின் தந்தையர் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். தம் பிள்ளைகளுக்குத் தூய காற்று வேண்டும். ஆகவே பட்டாசைத் தடுக்க வேண்டும் என்பது அவர்கள் வேண்டுகோள். 2018 அக்டோபரில் வந்த தீர்ப்பு, பேரியம் உப்புகளையும் சரவெடியையும் தடை செய்தது. பசுமைப் பட்டாசை மட்டும் அனுமதித்தது. வெடிக்கும் நேரத்தை இரண்டு மணியாகக் குறைத்தது. ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன.

அத்தந்தையர் கேட்டதில் தவறில்லை. மூச்சு விடுவது எந்தக் குழந்தைக்கும் உரிமை. நாம் கேட்பது இதுதான்: அந்த மாதங்களில் சிவகாசிக் குழந்தையின் பெயரால் வழக்குத் தொடுத்தவர் யார்? அதன் தாய்க்கு வேலையிழப்புப் படி தர வேண்டும் என்று எந்த மன்றத்தில் எவர் வாதிட்டார்? ஒரு குழந்தைக்குக் காற்று கிடைக்க மற்றொரு குழந்தையின் கஞ்சி குறைவதை, தவிர்க்க முடியாத விளைவு என்று கடந்துபோவது கற்றவர்களுக்கு எளிதாயிற்று. முன்பு பிள்ளையை ஆலைக்கு அனுப்பியதற்காக இத்தாயைப் பழித்தோம் என்போர், அவள் அனுப்பாமல் நின்ற நாள்களில் அவள் அடுப்பை எட்டிப் பார்த்தனரா?

தீக்குச்சியின் உலக வரலாறு இதற்கு ஒரு பாடம் சொல்கிறது. 1888-இல் இலண்டன் நகரில் தீப்பெட்டி ஆலையில் உழைத்த ஏறத்தாழ 1,400 பெண்களும் சிறுமியரும் வேலைநிறுத்தம் செய்தனர். வெண்பாஸ்பரம் அவர்களின் தாடை எலும்பை அரித்தது. அதன் நச்சு படிந்த இடத்திலேயே அவர்கள் உண்ண வேண்டியிருந்தது. உணவுக்குத் தனியிடத்தையும் அபராதங்களின் நீக்கத்தையும் அவர்கள் போராடிப் பெற்றனர். 1906-இல் பெர்ன் நகர உடன்படிக்கை வெண்பாஸ்பரத் தீக்குச்சியையே தடை செய்தது. 1913-இல் இந்தியாவும் அதைச் சட்டமாக்கியது. நச்சை நீக்கியது தாய்மாரின் கூடுதல் கவனமன்று. தொழிலின் முறையை மாற்றிய சட்டமும், அதைக் கேட்டுப் பெற்ற உழைப்பாளிகளின் ஒற்றுமையும் ஆகும். 1891-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' சுற்றுமடல், உடலும் உள்ளமும் முதிருமுன் பிள்ளைகளைத் தொழிற்கூடத்தில் சேர்க்கலாகாது என்றதோடு நில்லாமல், உழைப்பவருக்கு வாழ்வதற்குப் போதுமான கூலி தருவது நீதியின் கடன் என்றும் கற்பித்தது. பிள்ளையின் விடுதலையும் பெற்றோரின் கூலியும் அங்கும் ஒருங்கே பேசப்பட்டன.

பிடி அரிசியின் பாடம்

இனி என்ன செய்வது என்பதற்கும் இம்மண்ணிலேயே விடை உண்டு. விருதுநகரில் சத்திரிய வித்தியாசாலை என்ற பள்ளியை நடத்த, வீடுதோறும் பெண்கள் நாள்தோறும் ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்தனர். அப்பிடி அரிசி திரண்டு பிள்ளைகளின் இலவசக் கல்வியாயிற்று. ஆறு வயதில் தந்தையை இழந்து, தாய் சிவகாமி அம்மையாரும் பாட்டியும் காக்க, அப்பள்ளியில் பயின்றவர் காமராசர். வறுமை அவரையும் இடையிலேயே பள்ளியை விட்டு நிறுத்தியது. அவர் முதலமைச்சர் ஆனபின் 1956-இல் பள்ளிகளில் மதிய உணவைக் கொண்டுவந்தார். 1982-இல் அது சத்துணவாக விரிந்தது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், விடியலில் வேலைக்குப் புறப்படும் தாயின் அடுப்பிலிருந்து ஒரு சுமையை இறக்கியது. தாய்மையில் ஒரு பங்கை ஊரும் அரசும் ஏற்க முடியும் என்பதற்கு இவற்றினும் சான்று வேண்டுமா?

பிடி அரிசி போட்ட ஊரில்தான் இந்தத் தொழிலும் வளர்ந்தது. ஆகவே தொழில் நடத்துவோரிடம் நாம் இரக்கம் கேட்கவில்லை. அவர்களுடைய முன்னோரின் மரபைக் கேட்கிறோம். ஆலைகள் கூடி, உற்பத்தியில் ஒரு சிறு பங்கை எடுத்து, தொழிலாளர் வாழும் சிற்றூர்களிலேயே குழந்தைக் காப்பகங்களை நடத்தட்டும். ஆலை வண்டி வருமுன் அவை திறக்கட்டும். மருந்து கலக்கும், மருந்து செலுத்தும் வேலைகளில் எண்ணிக்கைக் கூலியை ஒழித்து நாட்கூலி வழங்கட்டும். உள்குத்தகையில் உழைப்பவர் உட்பட ஒவ்வொரு பெண்ணின் பெயரும் உரிமம் பெற்றவரின் ஏட்டில் ஏறட்டும்; பெயர் இல்லாதவளுக்கு மகப்பேற்று உதவியும் இல்லை, இழப்பீடும் இல்லை. மழைக்காலத்திலும் தீர்ப்புகளின் காலத்திலும் வேலை நிற்கும்போது அரசு வாழ்வூதியம் தரட்டும்.

"இவ்வளவும் கேட்டால் தொழில் அழிந்துவிடும்" என்ற குரல் உடனே எழும். அக்குரல் நமக்குப் புதிதன்று. பிள்ளைகளை வெளியே அனுப்பினால் தீப்பெட்டித் தொழிலே அணைந்துவிடும் என்று முன்பும் கூறினர். பிள்ளைகள் வெளியே வந்தனர், தொழில் அணையவில்லை. தாய்மார் பாதுகாப்போடும் போதிய கூலியோடும் உழைப்பதாலும் அது அணைந்துவிடாது.

எஞ்சியோர் நாம், மேடைகளிலும் ஏடுகளிலும் தாய்மையைப் போற்றும் நாம். அன்னையர் நாளில் மாலையிட்டுப் புகழ்வதோடு நம் கடன் தீராது. தீபாவளிக்கு ஒரு பெட்டி பட்டாசு வாங்கும்போது, அதைப் பின்னியவளின் பெயர் எந்த ஏட்டில் இருக்கிறது என்று கேட்போம். கடைக்காரர் அறியார், ஆயினும் கேள்வி கடையிலிருந்து முகவருக்கும், முகவரிடமிருந்து ஆலைக்கும் செல்லட்டும். நம் ஊரின் குழந்தைக் காப்பகம் எத்தனை மணிக்குத் திறக்கிறது என்று ஊராட்சிக் கூட்டத்தில் எழுந்து கேட்போம். தாலாட்டில் பெயர் சொல்லி அழைக்கப்பட்ட மாமனும் அத்தையும் பாட்டியும் இன்று நாமே. அழுகின்ற குழந்தையை நோகச் செய்தவர் யார் என்று அத்தாய் கேட்கும்போது, அவளையே சுட்டிக் காட்டாமல், நம் பங்குச் சுமையை ஏற்க முன்வருவோம்.